ஒரு வாளிக் கூழாங்கல்

இங்கிலாந்தின் சிற்றூர்களில் வாழ்ந்த யூதர்களின் வரலாற்றை எழுதுவதிலேயே டெபோராவுக்கு முப்பது வருஷம் போய்விட்டது. இந்தத் துறைமுக ஊர்தான் கடைசி அத்தியாயம். யூதர்கள் பொதுவாகக் கல்லறைக்குப் பூ கொண்டுவருவதில்லை. வந்துபோனதற்கு அடையாளமாக ஒரு கூழாங்கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். ஐந்து முறை வந்தும் இங்குள்ள யூதக் கல்லறைத் தோட்டத்தில் அப்படி ஒரு கல்லைக்கூட அவள் பார்த்ததில்லை. ‘இவ்வூரில் இனி எவரும் இல்லை’ என்று எழுதி முடித்துவிட்டு, கல்லறைத் தோட்டத்திடம் விடைபெறத்தான் இன்று வந்திருந்தாள்.

“எப்பவும் துடைச்சுவிட்ட மாதிரி இருக்கே,” என்றாள் காவலாளி வில்ஃப்ரெடிடம்.

அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. “நீங்க வர்றதா லெட்டர் போட்டதுமே கூட்டிப் பெருக்கிடுவேன் மேடம். யாரோ கல்லைக் கொண்டாந்து வச்சுட்டே இருக்காங்க. பெரிய ரோதனை.”

கொட்டகைக்குப் பின்னால் ஒரு வாளி விளிம்புவரை நிறைந்திருந்தது.

டெபோரா அதைத் தூக்கிவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள். பையிலிருந்த கையெழுத்துப் பிரதியை எடுத்துக் கடைசி வரியை அழுத்தி அடித்தாள்.

“ரயிலுக்கு நேரமாச்சே மேடம்?”

“போகட்டும். வாளி நிறையுற அளவுக்கு வந்தவங்க, நாளைக்கு வராமலா போயிடுவாங்க?”