பக்கத்து வீட்டில் விசாரித்தால்

"மாறன் வீடு இதுதானேம்மா? பூட்டியிருக்கே?"

கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த தாமரைச்செல்வி எட்டிப் பார்த்தாள். கசங்காத வெள்ளைச் சட்டை, ஐம்பதைத் தாண்டிய வயது, தலத்தெருவுக்குள் நுழைய முடியாமல் முனையிலேயே நிற்கும் கார்.

"அவங்க அப்பா அம்மா தருமபுரத்துல ஒரு வளைகாப்புக்குப் போயிருக்காங்க. நீங்க யாருங்க?"

"திருச்சியிலேர்ந்து வர்றேன். பையனைப் பத்தி அக்கம்பக்கத்துல விசாரிக்கலாம்னு வந்தேன். குணம், பழக்கவழக்கம்... ஒரு முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி நாலும் தெரிஞ்சுக்கணும் பாருங்க."

பெண் வீட்டுக்காரரேதான் என்று தாமரைக்குப் பட்டது. போன வாரம்தான் மாறனின் அம்மா காசியம்மா, "திருச்சியில ஒரு நல்ல இடம் வந்திருக்கு, ஒரே பொண்ணாம்" என்று கீரைக்காரியிடம்கூடச் சொல்லிப் பூரித்துக்கொண்டிருந்தாள்.

மாறனும் தாமரையும் இரண்டு வருடமாக விரும்புவது இரண்டு வீட்டுக்குமே தெரியாது. வேலை கிடைத்த மறுநாள் பெண் கேட்டு வந்துவிடுகிறேன் என்று அவன் சொல்லியிருந்தான். அந்தப் பாழாய்ப்போன வேலைதான் கிடைத்தபாடில்லை. இன்றைக்குக்கூட ஒரு பெரிய பெயின்ட் கம்பெனியில் மார்க்கெட்டிங் வேலைக்கு இன்டர்வியூ என்று சென்னைக்குப் போயிருந்தான். அதற்குள் இந்த மனிதர் தாம்பூலத் தட்டோடு வந்து நின்றால்?

இவரை இப்படியே ஓட விட வேண்டியதுதான்.

"உக்காருங்க சார்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். "கேக்கறீங்களேன்னு சொல்றேன். நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"குடிப்பழக்கம் ஏதாவது...?"

சரக்கு மலிவான ஊர் என்பதால், காரைக்கால் பையன் என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு முதலில் வரும் சந்தேகம். ஆமாம் என்று சொன்னால் காரியம் ஒரே நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் பாவி மனசு கேட்கவில்லை.

"சேச்சே, அதெல்லாம் தொடக்கூட மாட்டான். ஆனா வாய் இருக்கே சார், வாய்! கருக்களாச்சேரி மீன்காரம்மாவையே பேசிப் பேசி மசிய வச்சு, பாதி விலைக்கு வஞ்சிரம் வாங்கிட்டு வந்தான். அந்தம்மா கோவப்பட வேணாமா? மறுநாள் அதுவே போன் பண்ணி, 'தம்பி, நல்ல இறால் வந்திருக்கு'ன்னு கூப்பிடுது. இந்தக் கொடுமைய எங்க போயி சொல்றது!"

"அப்படியா!"

"வீட்டுல கால் தரிக்காது. இன்னைக்கு நாகூரு, நாளைக்கு மாயவரம். போற ஊர்ல எல்லாம் நாலு சிநேகிதம் பிடிச்சு வச்சிருக்கான். அவனைக் கட்டிக்கிறவ சோத்தைப் போட்டு வச்சுக்கிட்டு வாசலைப் பாத்துக்கிட்டே கிடக்க வேண்டியதுதான்."

அவர் சட்டென்று நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "ஓ..." என்று மீசையைத் தடவிக்கொண்டார். "வேற?"

"வெக்கமே கிடையாது சார். முடியாதுன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லுங்க, மறுநாள் பல்லைக் காட்டிக்கிட்டு வந்து நிப்பான். ஆறு மாசம் ஆனாலும் விட மாட்டான். கடைசியில நாமதான் சரின்னு சொல்லித் தொலைக்கணும்!"

சொன்ன வேகத்தில் அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. அவர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு எழுந்தார்.

"நல்ல வேளைம்மா, உன்கிட்ட கேட்டேன்."

கார் கிளம்பியதும், அப்பாடா என்று தாமரை அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மறுநாள் சாயங்காலம் கடற்கரையில் மாறனைப் பார்த்தாள். "இன்டர்வியூ என்னாச்சு?"

"அதை ஏன் கேக்கறே! காரைக்கால் தமிழ்நாட்டுலதானேன்னு ஒருத்தர், பாண்டிச்சேரிக்குப் பக்கமான்னு இன்னொருத்தர். நாகப்பட்டினத்துக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவுல இருக்கு, ஆனா புதுச்சேரியச் சேர்ந்ததுன்னு புரிய வைக்கறதுக்குள்ள பாதி நேரம் போயிடுச்சு. மத்தபடி நல்லாத்தான் பண்ணியிருக்கேன்."

"நீ அங்க பண்ணினே. நான் இங்க உன்னை ஒரு கண்டத்துலேர்ந்து காப்பாத்தியிருக்கேன்" என்று தாமரை கையை ஆட்டி ஆட்டி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல மாறனின் முகம் வெளுத்தது.

"வெள்ளைச் சட்டை, பெரிய மீசையா?"

"ஆமா. பொண்ணோட அப்பன்தான்."

"அடிப்பாவி! அது அந்தக் கம்பெனியோட டெல்டா ஏரியா மேனேஜர்டி, போன மாசம் முதல் ரவுண்டுல என்னைப் பாத்தவரு! இன்டர்வியூவுல எல்லாரும் நல்லவனா நடிக்கிறாங்கன்னு, சொல்லாம கொள்ளாம தெருவுக்கே ஆள் அனுப்பி விசாரிப்பாங்களாம். எல்லாம் முடிஞ்சப்பறம்தான் சொன்னாங்க."

என் கல்யாணத்துக்கு நானே உலை வைத்துவிட்டேனே என்று தாமரைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மாறனின் செல்போன் அடித்தது. ஸ்பீக்கரைப் போட்டான்.

"மாறன், ஏரியா மேனேஜர் சிவராமன் பேசறேன். ஒண்ணாந்தேதி வந்து சேர்ந்துடுங்க."

தாமரைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அழுதுகொண்டே சிரித்தாள். மாறனுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை.

"சார்... நேத்து எங்க பக்கத்து வீட்டுல உங்ககிட்ட என்னைப் பத்தி..."

"சொன்னாங்க தம்பி, நல்லாவே சொன்னாங்க. வேற யாரும் உங்களைக் கொத்திட்டுப் போயிடக் கூடாதுன்னு என்னையே விரட்டி விடப் பாத்தாங்க. ஒரு கஸ்டமரை இந்த அளவுக்குப் பிடிச்சு வச்சிருக்கிற ஆளை நாங்க விட்டுருவமா?"