வாய்ச்சொல்லுக்கு விட்ட இறால்

தீர்ப்பை வாசித்து முடித்ததும் ரோச் வாசலைத்தான் பார்த்தார். டிரைவர் லிங்கராஜை இன்னும் காணோம்.

ஐந்து வருஷம் சிறை. மகன் ஜெனோவின் சரக்குத் தோணித் தொழில் முங்கப் போகிறதென்று, தன் இறால் கம்பெனியில் ஊரார் போட்ட முதல் பணத்தைக் கள்ளக் கணக்கில் எடுத்து அதில் கொட்டியவர் அவர். பிள்ளைப் பாசம் கண்ணை மறைத்துவிட்டது. தோணியும் போச்சு, முதலும் போச்சு.

வழக்கு வந்தபோது பங்கு விலை தலைகுப்புற விழுந்தது. ரோச் அசரவில்லை. அது பம்பாய்க்காரர்கள் பாடு. அவருக்குச் சந்தை என்றால் படகுக்காரர்கள் இறால் விற்கும் ஏலக்கரைதான்.

அங்கே அவர் அப்பா காலத்திலிருந்தே ரோச் வீட்டு வாய்ச்சொல்லுக்கு இறால் விடுவார்கள். காசு பிறகு வரும். அந்தக் கரையில் ஒரு படகுக்காரர், "மொதல்ல துட்டை வையும்" என்றாரே, அன்றைக்குத்தான் அவருக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

வங்கிக் கணக்கு முடங்கிக் கிடந்தது. இன்று வாய்ச்சொல்லுக்கு இறால் கிடைத்தால் கம்பெனி பிழைக்கும். இல்லையென்றால் பூட்டுத்தான். இறால் உரிக்கிற பெண்கள் அத்தனை பேரும் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

கேட்கப் போயிருப்பவள் மகள் டெல்பின். கம்பெனி இப்போது அவள் பொறுப்பு.

"அப்பனுக்குத் தீர்ப்புச் சொல்லுத அன்னைக்கு ஏலத்துக்குப் போயிருக்காளே, என்ன நெஞ்சழுத்தம்!" என்று வராந்தாவில் ஓர் அம்மாள் வாய்விட்டே சொன்னாள். ரோச் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வக்கீல் ஞானதீபத்துக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கம்பெனிக்குள்ளிருந்தே புகார் கொடுத்துக் கூண்டேறிய அந்த முதல் சாட்சியைக் குறுக்கு விசாரணையில் ஒரு பிடி பிடித்திருந்தால் வழக்கே உடைந்திருக்கும். ரோச்தான் விடவில்லை.

"சொன்னதெல்லாம் நெசந்தானே? ஒரு கேள்வியும் கேக்கப்படாது" என்று அன்றைக்கே கறாராகச் சொல்லிவிட்டார். கட்சிக்காரரே இப்படி இருந்தால் வக்கீல்தான் என்ன செய்வார், பாவம்.

போலீஸ் வேன் வந்து நின்றது. ரோச் படியிறங்கும்போது லிங்கராஜ் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"மொதலாளி, இன்னைக்கு வந்த இறால் பூராவும் நமக்குத்தான்! ஒருத்தரும் முன்பணம் கேக்கல!"

ரோச் படியிலேயே நின்றுவிட்டார். "என்ன சொல்லி இறாலைக் குடுத்தாவ?"

லிங்கராஜ் திருதிருவென்று விழித்தான். போலீஸ்காரரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"சும்மா சொல்லுலே."

"பெத்த அப்பனுக்கு எதிரா மொத சாட்சியா நின்னு நெசத்தைச் சொன்னவ, நமக்கா பொய் சொல்லப் போறா அப்படின்னாவ, மொதலாளி."

கோர்ட்டு வாசலே திரும்பிப் பார்க்கும்படி ரோச் சிரித்தார்.

"பின்னே? எம் மவல்லா!"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவர் மாதிரி வேனில் ஏறினார்.