ஆறாவது மெம்பர்

“நாய்க்குத் தாண்டக் கத்துக் குடுக்கவா உன்னை அத்தனை தூரம் அனுப்பி வெச்சேன்? படிச்ச படிப்பெல்லாம் என்னடி ஆச்சு?”

வீடியோ கால்ல அம்மா போட்ட சத்தத்துல, மைதானத்துல நின்ன மக குட்டியோட காலடியில படுத்திருந்த மூட்டை காதை மடக்கிக்கிச்சு. மூட்டைன்னா குட்டி வளர்க்கிற நாய். பேருக்கேத்த உடம்பு.

“கத்தாதம்மா, மூட்டை பயப்படுது. எங்க நாய்ப் பயிற்சி கிளப்புல அடி கிடையாது, அதட்டல் கிடையாது, யாரும் கத்தக் கூடாது. தாண்டினா பிஸ்கட். தாண்டலைன்னா, மறுபடியும் கூப்பிடுவோம். அவ்வளவுதான்.”

“உன்னை நான் அப்படியா வளர்த்தேன்?”

“அதைத்தான் நானும் சொல்றேன்!”

அம்மாவுக்கு நாய்னாலே ஆகாது. தெருநாய் ஏதாவது கேட்டுக்குள்ள மூக்கை நீட்டினாப் போதும், துடைப்பத்தைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவாங்க. இன்னைக்கு அந்தத் துடைப்பம் அவங்களுக்குப் பின்னாடி, ரெண்டு பக்கெட்டுக்கு மேல குறுக்கால கிடந்துச்சு.

“அது என்னம்மா?”

“கழுவிக் காய வெச்சிருக்கேன். பேச்சை மாத்தாத.”

மைதான மேனேஜர் கறாரா சொல்லிட்டார்: “நான் விசில் ஊதறதுக்குள்ள ஆறு மெம்பரோட நாயையும் என் கண்ணால பாக்கணும். இல்லன்னா ஞாயித்துக்கிழமை மைதானம் கால்பந்து பசங்களுக்குத்தான்.” பசங்க அந்தப் பக்கம் பந்தைத் தட்டிட்டு ரெடியா நின்னாங்க.

மூட்டையோட சேத்து வந்தது அஞ்சு நாய். பஸ் டிரைவரோட நாய் பயிற்சிக்கு வெச்ச துணிக் குழாய்க்குள்ள நுழைஞ்சு, நல்ல நிழல்னு உள்ளயே படுத்துடுச்சு. பல் டாக்டரோட நாய் கம்பைத் தாண்டாம, கம்பையே கவ்விட்டு மைதானத்தைச் சுத்தி ஓடிச்சு. எல்லாரும் கைதட்டினாங்க, பிஸ்கட் குடுத்தாங்க.

“இதுக்குமா பிஸ்கட்?”ன்னார் மேனேஜர்.

“ஆர்வத்துக்கு சார்!”ன்னா குட்டி.

ஆறாவது மெம்பர் ‘ரவுடி ஃபேமிலி’ன்னு பேர் போட்டு ஃபோன்லயே சேர்ந்தவங்க. முகம் தெரியாது. ஆனா தினமும் மெசேஜ்ல ஆயிரம் சந்தேகம் வரும். “பிஸ்கட்டை முன்னாடி குடுக்கணுமா, தாண்டினப்புறமா?” “ரவுடி என் செருப்பைக் கடிச்சாலும் சிரிக்கணுமா?”

மேனேஜர் விசிலை வாய்கிட்ட கொண்டு போனார்.

“வெச்சிடறேன்மா. இன்னும் ஒருத்தர் வரணும். வரலைன்னா கிளப்பே இல்ல.”

“இரு, வெச்சிடாத!”ன்னாங்க அம்மா.

டிங்! ரவுடி ஃபேமிலிகிட்டேர்ந்து மெசேஜ். “வந்துட்டோம்.”

குட்டி மைதான வாசலைத் திரும்பிப் பாத்தா. ஈ காக்கா இல்ல. மறுபடியும் ஃபோனைப் பாத்தா.

அம்மா ஃபோனைத் தரையில சாய்ச்சு வெச்சிருந்தாங்க. திரை முழுக்க அந்தத் துடைப்பம்தான். அதுக்கு மேல, ஒரு காது மடிஞ்ச தெருநாய் ஒண்ணு சர்ருனு தாவிச்சு! பின்னாடியே மூச்சு வாங்கிட்டு, கையில பிஸ்கட்டோட அம்மா.

“சமத்து ரவுடி! தங்கம்!”

எட்டிப் பாத்த மேனேஜர் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சார். “கண்ணால பாத்தாச்சு. ஆறு!”ன்னு சொல்லி, கால்பந்து பசங்களைப் பாத்து ‘கிளம்புங்க’ன்னு விசில் ஊதினார்.

“அம்மாஆஆ!” குட்டி போட்ட கூச்சல்ல மூட்டை மறுபடியும் காதை மடக்கிக்கிச்சு.

“ஷ்ஷ்... நம்ம கிளப்புல கத்தக் கூடாதுடி.”