கூப்பிடு மணி

இசபெல்லாவின் குரலுக்குப் பதினெட்டு ரூபாய் விலை சொன்னார் நூகு மரைக்காயர்.

"பன்னெண்டு" என்றான் மரியசெல்வம்.

"பதினாறு."

மரியசெல்வத்துக்குச் சப்பென்று போயிற்று. சைகோன் சந்தையில் சீனர்களோடு மல்லுக்கு நின்றவன் அவன். காரைக்கால் ஜவுளிக்கடைக்காரர் இப்படியா பேரம் பேசுவார்? நெஞ்சில் கை வைக்க வேண்டாமா, முதலுக்கே மோசம் என்று ஒரு மூச்சாவது அழ வேண்டாமா? இந்த மனுஷர் கல்வெட்டை வாசிப்பது போல இரண்டு ரூபாயைக் குறைத்துவிட்டு, முழக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மனைவிக்கு வாதம் விழுந்த சேதி கேட்டுப் போன வாரம்தான் கப்பலிறங்கி வந்திருந்தான் அவன். இசபெல்லாவுக்குப் பேச்சும் வலது பக்கமும் போய்விட்டன. வாசல் அறையில் தையல் மிஷினைப் போட்டுப் பிழைப்பைத் தொடங்கினால், உள்ளே அவள் கட்டிலைத் தட்டுவது மிஷின் சத்தத்தில் கேட்பதில்லை. முந்தாநாள் பலமாகத் தட்டப்போய் உருண்டு கீழே விழுந்துவிட்டாள்.

அப்போதுதான் இந்த மணி ஞாபகத்துக்கு வந்தது. சைகோனில் ஊர்க்காரர் ஒருவர் கதையாகச் சொல்லியிருந்தார்: மாடியில் படுக்கையாகக் கிடக்கும் மரைக்காயர் வீட்டம்மா அமீர் நிஷா பித்தானை அமுக்கினால், கீழே கடையில் அவருக்கு மணி அடிக்குமாம்.

மரைக்காயருக்கு ஜவுளி பிழைப்பு. கம்பியும் காந்தமும் கிறுக்கு. சைக்கிள் மணிக் கிண்ணம், ஆணியில் சுற்றிய செம்புக் கம்பி, டார்ச் லைட் பேட்டரி எல்லாம் சேர்த்து அவரே பண்ணியது. ஒன்று சுவரில் தொங்கியது. அதற்கு ஜோடியாகப் பண்ணிவைத்திருந்த இன்னொன்றுக்குத்தான் இந்தப் பேரம்.

"பதினாறு அதிகங்க. நானே தையக்காரன்..."

கிணிங்!

சுவரிலிருந்த மணி அடித்தது. மரைக்காயர் முழக்கோலைப் போட்டார். பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டுகொண்டு, விறுவிறுவென்று மாடி ஏறினார். பேரம் பாதியில் நின்றது.

கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்தார். டம்ளர் விளிம்பு வரை தளும்பியது. சிந்தாமல் மெதுவாக மேசை மேல் வைத்தார்.

"என்னவாங்க அம்மாவுக்கு?"

"ஒண்ணுமில்ல."

"கொடுத்து வச்சவங்க. வந்த கிராக்கியை நட்டாத்துல விட்டுட்டு ஓடுறீங்களே! எங்க இசபெல்லா பார்த்தா, எனக்குப் பாட்டு விழும். அதுக்கும் இப்ப வாய் இல்ல."

மரைக்காயர் சிரிக்கவில்லை. "பதினாலு குடுங்க" என்றார்.

மரியசெல்வம் காசை நீட்டினான். அவர் வாங்கவில்லை.

"இருங்க தம்பி. சரக்கோட குறையைச் சொல்லாம காசைத் தொட எங்க மார்க்கத்துல அனுமதி இல்ல. இதுல ஒரு குறை இருக்கு."

"நல்லாத்தானே அடிக்குது?"

"நல்லா அடிக்கிறதுதான் குறை. கடல் காத்துல உப்பு ஏறி கம்பி உறையை அரிச்சுடும். அப்புறம் காத்தடிச்சாக் கம்பி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, தானா அடிக்கும். எத்தனை தடவை மாத்தினாலும் இதே கதைதான்."

"இவ்வளவுதானா?" மரியசெல்வத்துக்குச் சிரிப்பு வந்தது. "சரி, அடிச்சது அவளா காத்தான்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?"

"கண்டுபிடிக்க முடியாது. அடிக்க அடிக்கப் போயிடணும்."

"நல்லாச் சொன்னீங்க! கையில துணியை வச்சுக்கிட்டு, காத்துக்கெல்லாம் ஓடினா பிழைப்பு என்னங்க ஆகும்?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன்." மரைக்காயர் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "போன ஐப்பசியில ஒரு நாள் அடிச்சுது. வெளியில நல்ல காத்து. எதிர்ல நாகூர் யாவாரி, பேரம் படியிற நேரம். காத்துதான்னு சொல்லிட்டு, முடிச்சு, காசை எண்ணிப் பெட்டியில போட்டுட்டு மேல போனேன். அமீர் நிஷா கை பித்தான் மேலயே இருந்துது. சில்லுன்னு."

மரியசெல்வத்தின் நீட்டிய கை அப்படியே நின்றது. மேசை மேல் தளும்பிய டம்ளரைப் பார்த்தான்.

"அப்ப... இப்ப மேல யாருங்க?"

"யாருமில்ல. காத்து."

"தெரிஞ்சுமா போனீங்க?"

மரைக்காயர் மணியைத் துணியில் சுற்றி அவன் பக்கம் தள்ளினார்.

"அன்னையிலேர்ந்து அடிச்சதுக்கெல்லாம் போயிட்டேன் தம்பி. அந்த ஒண்ணுதான் பாக்கி."