பிறந்த வீட்டுக் கோடி

சாலை ஆற்றுக்குள் இறங்கி அங்கேயே முடிந்திருந்தது.

அவன் காரை நிறுத்தினான். மேப்பில் நீலக்கோடு தண்ணீரைத் தாண்டி அக்கரைக்குப் போயிற்று. இன்னும் நானூறு மீட்டர், இரண்டே நிமிடம் என்றது போன்.

இரண்டு கரையையும் தொட்டு ஆறு ஓடிக்கொண்டிருந்தது. தரைப்பாலம் இருந்த இடத்தில் நாலைந்து சிமெண்டுக் குழாய்கள் தலைகாட்டின.

பக்கத்து இருக்கையில் புடவைக் கவர்.

தங்கை தவமணிக்குப் பிறந்த வீட்டுக் கோடி. அண்ணன் வந்து அதைப் போர்த்தினால்தான் பாடையைத் தூக்குவார்கள். மத்தியானத்திலிருந்து அக்கரையில் அவனுக்காகத்தான் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

சுற்றிப் போனால் ஒன்றரை மணி நேரம். சூரியன் பனைமரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது.

அவன் இந்தப் பக்கம் வந்து ஒன்பது வருடமாகிறது. வரத் தோன்றவே இல்லை. அதான் தினம் பார்க்கிறோமே என்று இருந்துவிட்டான். சாப்பிட உட்காரும்போது போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைப்பான். அவள் பேசுவாள். இவன் சாப்பிடுவான்.

போன வருட வெள்ளத்தில் பாலம் போனதை, போனும் கையுமாகக் கரைக்கே வந்து அவள் காட்டினாள்.

"இனிமே சுத்தித்தாண்ணே வரணும். மறந்துடாத."

தலையை ஆட்டினான். திரையின் மேலே வந்த வேறு ஏதோ செய்தியை அப்போது விரலால் தள்ளிக்கொண்டிருந்தான். அது என்ன செய்தி என்று இன்றைக்கு அடித்துக் கேட்டாலும் அவனால் சொல்ல முடியாது.

படித்துப் படித்துச் சொன்னாளே, பாவி.

வழியில் டீ குடித்த கடையிலாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சின்னப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும்.

போன் அடித்தது. தவமணியின் மூத்த மகன் செழியன்.

"மாமா, எங்க வர்றீங்க?"

"வந்துக்கிட்டே இருக்கேம்ப்பா."

ஆற்றைப் பார்த்துக்கொண்டே பொய் சொன்னான். உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"பொழுது சாஞ்சிருச்சு மாமா. இதுக்கு மேல வச்சிருக்க முடியாதுன்னுட்டாங்க. எதிர்வீட்டு மளிகைக்கடை சூசை மாமா கோடி போட்டுட்டாரு. அம்மா அவரைத்தான் வாய்க்கு வாய் அண்ணேம்பாங்க. நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க."

ஆறுதலுக்குத்தான் சொன்னான். கேட்டவன் கவரை எடுத்துக்கொண்டு காரைவிட்டு இறங்கினான்.

கொஞ்ச நேரத்தில் அக்கரையில் மேளம் கேட்டது. சுடுகாடு ஆற்றங்கரையில்தான். கூட்டம் வந்து நின்றது. பாடையை இறக்கினார்கள்.

நடுவில் கூப்பிடு தூரம்தான். கூப்பிட்டான். மேளத்தில் அது கரையேறவில்லை.

மறுபடி போன். இந்தத் தடவை வீடியோ.

"மாமா, முகத்தை மூடப்போறாங்க. பாத்துக்குங்க."

தாய்க்குக் கொள்ளி வைப்பது இளையவன். போனைப் பிடிக்க மூத்தவனுக்குக் கை ஓய்வாக இருந்தது.

திரையில் அவள் முகம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது.

"செழியா, நான் எதிர்க்கரையிலதான் நிக்கிறேன். நிமிர்ந்து பாருடா. ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லு."

கூட்டத்தில் போனை நீட்டிப் பிடித்திருந்தவன் இங்கிருந்தே தெரிந்தான். அவன் நிமிரவில்லை.

"ஒண்ணும் கேக்கல மாமா, கட்டாவுது. எடுத்து அனுப்பிடுறேன். அப்புறமா பாத்துக்குங்க."

இணைப்பு போய்விட்டது.

போனைச் சட்டைப்பையில் போட்டான். கவரைக் கிழித்துப் புடவையை உதறினான். முழங்கால் தண்ணீர் வரை இறங்கி, அதை இரண்டு கையாலும் தலைக்கு மேலே விரித்துப் பிடித்தான். நல்ல மஞ்சள். கூட்டத்தில் யார் ஒருவர் திரும்பியிருந்தாலும் தெரிந்திருக்கும்.

எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முகத்தின்மேல் வரட்டியை அடுக்கினார்கள்.

சட்டைப்பையில் போன் ஒருமுறை அதிர்ந்தது. வீடியோ வந்துவிட்டது.

அவன் கையை இறக்கவில்லை.