இறங்கியும் குறையாத எடை

எங்கள் லாரியை எடை மேடையில் ஏற்றி நிறுத்திவிட்டு, அதன் பக்கத்திலேயே நின்றேன். எடை மேடையையும் சேர்த்து நடத்தும் டயர்கடைக்காரர், எடை அறையின் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"அண்ணே, உங்க டயரெல்லாம் சேர்ந்து பத்து டன்தான் தாங்கும். அறுபது கிலோ அதிகமா இருக்கு. ஒண்ணு எடையக் குறைங்க, இல்லன்னா பெரிய டயரா மாத்துங்க."

"அறுபது கிலோதானே?" என்றேன். என் வாய் சும்மா இருக்குமா? கேபினில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்து, "நீ கொஞ்சம் இறங்கேன்" என்றேன்.

அவள் முகம் சிவந்தது.

"ஓஹோ, நான்தான் பாரமா? எங்கம்மா வீட்டுக்கே போயிடறேன். உங்க வண்டி லேசா ஓடட்டும்!"

கதவைப் படாரென்று சாத்திவிட்டு இறங்கியவள், என்னை முறைத்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இப்போ எவ்வளவுங்க?" என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள்.

"அதேதான்க்கா. ஒரு கிலோகூடக் குறையல. ஏன்னா..."

நான் அவசரமாக அவருக்குக் கண்ணடித்தேன். அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மனைவியின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "கேட்டீங்களா? நான் இறங்கியும் குறையல! பழிய மட்டும் என் மேல போடுங்க."

"தப்புதாம்மா. எல்லாம் டயரோட கோளாறு. நீ ஏறிக்க."

அவள் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தபடி கேபினில் ஏறினாள். டயர்கடைக்காரர் வெளியே வந்து என் காதில் கிசுகிசுத்தார்.

"ஏண்ணே, அக்கா இறங்கி நின்னதும் எடை மேடை மேலதானே? அப்புறம் எப்படிக் குறையும்?"

"தெரியும்" என்றேன். "பெரிய டயராவே மாட்டிடுங்க. வண்டிக்கு ஸ்டெப்னி இருக்கு. இவளுக்குக் கிடையாதே!"