பதிமூன்றாவது சாவி

"கார்டைக் கடல் கொண்டு போச்சு மக்கா. வேணுமெங்கி நீ போய் கடல்கிட்ட கேளு."

சொல்லிவிட்டு, கைப்பையைத் தலைக்கு வைத்துப் பாயில் சாய்ந்தாள் சுகிர்தபாய். பொழியூர் பள்ளிக்கூடத்தின் நாலாம் வகுப்பறை அது. கடல் வீடுகளை விழுங்கியதிலிருந்து அங்கேதான் முகாம்.

வில்லேஜ் ஆபீசர் பிரசீதா ஒரு பெருமூச்சு விட்டாள். அதில் பறந்த சாக்பீஸ் தூள் இலங்கையில் போய் விழுந்திருக்கும்.

இரண்டு வாரத்தில் பள்ளி திறக்கிறது. வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கும் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களுக்கும் அரசு கட்டிய குடியிருப்பு தயார். பன்னிரண்டு ரேஷன் கார்டு, பன்னிரண்டு வீடு. சாவியைக் கொடுத்தால் வேலை முடிந்தது. இந்த அம்மாளோ கடைசி ஆளாக வந்து முகாம் பதிவேட்டில் பதிமூன்றாவதாக ஏறினாள். ஏறிய கையோடு, "பதிமூணு சாவியும் கிட்டாம ஒருத்தரும் பாயைச் சுருட்டாண்டாம்" என்று எல்லாரையும் பிடித்து வைத்துவிட்டாள்.

"அம்மா, வீடு பன்னெண்டுதான் உண்டு."

"பதிமூணு உண்டு. கீழ கடைசி வீட்டில காண்ட்ராக்டர் பெயின்ட் டப்பா அடுக்கியிருக்கான். டப்பாவுக்கு வீடு உண்டு, மனுசருக்கு இல்லியா?"

"அது ஆபீஸ் ரூமாக்கும்."

"ஆருக்க ஆபீஸ்? எலிக்கா?"

வகுப்பறையே சிரித்தது. கூரை ஓடு நாலு கழன்று விழாதது பிரசீதாவின் அதிர்ஷ்டம்.

சிரிப்பு அடங்கியதும் மூலையிலிருந்து சஜு எழுந்து வந்தான். வள்ளத்தில் போகிற பையன்.

"மேடம், எனக்க காரியம்?"

"எத்தன தடவ சொல்லியது சஜு? நீ ஒனக்க அப்பா கார்டில இருக்க. ஒரு கார்டுக்கு ஒரு வீடு."

"ஒரு பெட்ரூமில ஏழு பேரு எப்படி மேடம் படுக்கியது? ஷாலுவுக்கு இது ஏழாம் மாசமாக்கும்."

அவன் மனைவி ஷாலு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிரசீதாவுக்கு மனசு கேட்கவில்லை. "புதுக் கார்டு எடுத்துட்டு வா, பாக்கலாம். ஆனா அதுவரைக்கும் வீடு ஒண்ணு மிச்சம் கெடக்கணும். அதுக்கு நான் எங்க போக?"

சுகிர்தபாய் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கினாளோ, யோசித்தாளோ.

அடுத்த நாளிலிருந்து மனுக்கள் கிளம்பின. சுகிர்தபாய் சொல்லச் சொல்ல சஜு எழுதினான். எந்த விதி, எந்த உட்பிரிவு, எந்த வருஷத்து உத்தரவு என்று அவளுக்கு எல்லாம் மனப்பாடம். கலெக்டர் ஆபீசில் பாரம் தாங்காமல் ஒரு மேஜையின் கால் வளைந்துவிட்டதாகக் கேள்வி. பிரசீதாவும் லேசுப்பட்டவள் இல்லை. ஒவ்வொரு மனுவுக்கும் பின்னால் தானே நடந்தாள். தாசில்தாரை விடவில்லை. காண்ட்ராக்டரின் பெயின்ட் டப்பாக்களைத் தன் கையாலேயே தூக்கி வெளியே வைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் உத்தரவோடு ஓடி வந்தாள்.

"கிட்டியாச்சு! 'முகாமில் மீதமுள்ள ஒரு குடும்பத்துக்கு' எண்ணு போட்டிருக்கு. பேரு நாம எழுதினா போதும்."

பன்னிரண்டு சாவிகள் கைமாறின. பாய்கள் சுருண்டன. கடைசிச் சாவியோடு பிரசீதா பேனாவைத் திறந்தாள்.

"அம்மா, இனி கார்டு நம்பர் இல்லாம முடியாது. கடல் கொண்டு போச்செண்ணு இதில எழுத முடியாது."

"கார்டா? உண்டே!" சுகிர்தபாய் கைப்பையைத் திறந்து ஒன்றை எடுத்து நீட்டினாள்.

புத்தம் புதிய கார்டு. சஜு, ஷாலு. இரண்டே பெயர்.

"நேத்து சாயங்காலம் வந்தது. சஜு எழுதின மனுவில ஒண்ணு இதுக்குள்ளதாக்கும். புதுக் கார்டும் வேணும், மிச்சம் ஒரு வீடும் வேணுமெண்ணு நீதானே மக்கா சொன்ன? ரெண்டும் இன்னா இருக்கு. எழுது."

ஷாலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். 

"அப்போ உங்களுக்கு?" பிரசீதா பதறினாள். "இத்தன நாளும் தரையில கெடந்து சண்டை போட்டது நீங்களாக்கும்!"

"இவனுக்க அம்ம இருபது வருசமா எனக்க வாசல்ல மீன் கொண்டு தாறவ. ஒரு நாளும் கெட்ட மீன் தந்ததில்ல."

வெளியே கார் ஹாரன் அடித்தது.

"எனக்க மோன் வந்தாச்சு. எலே சஜு, அந்தப் பாயைச் சுருட்டி டிக்கியில வையி." சுகிர்தபாய் பையிலிருந்து இன்னொரு கார்டை எடுத்துப் பதிவேட்டின் மேல் வைத்தாள். "எனக்க பேரை வெட்ட இது வேணுமில்லியா? வாறேன் மக்கா."

வசதிக்காரர்களுக்குக் கொடுக்கிற வெள்ளைக் கார்டு அது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. பெருங்கடவிளை விலாசம். அந்த வாசலுக்கு வந்து சேர, கடல் இன்னும் இருபது கிலோமீட்டர் நடக்க வேண்டும்.